ஐஇஎல்டிஎஸ் சார்ட் கேள்வி: எதைப் படிப்பது, எப்படிப் பழகுவது, எங்கே மதிப்பெண் போகிறது

ஐஇஎல்டிஎஸ் (வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வு) எழுத்துத் தேர்வுக்குப் படிப்பவர்களில் பெரும்பாலானோர் கட்டுரைக்கே நேரம் முழுவதையும் கொடுத்துவிட்டு, சார்ட்டை விவரிக்கும் முதல் கேள்வியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் கொஞ்சம் உழைத்தாலே பலன் தெரிவது இந்த முதல் கேள்வியில்தான். இதற்கு வேண்டிய இலக்கணம் மிகக் குறைவு. இருபது முப்பது வாக்கிய அமைப்புகளைப் பிசகில்லாமல் எழுதத் தெரிந்தால் போதும். பிசகு நடக்கும் இடங்களும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

1. முதலில் எந்தத் தேர்வு என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

ஐஇஎல்டிஎஸ்ஸில் அகாடமிக், ஜெனரல் ட்ரெய்னிங் என்று இரண்டு வகை உண்டு. சார்ட் கேள்வி அகாடமிக்கில் மட்டும்தான். ஜெனரல் ட்ரெய்னிங்கில் அந்த இடத்தில் கடிதம் எழுத வேண்டும். எந்த வகை வேண்டும் என்பதை, நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் பல்கலைக்கழகமோ குடியேற்றத் துறையோ சொல்லியிருப்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். நண்பர் சொன்னார் என்று முடிவெடுக்காதீர்கள். வகை மாறிப் போனால் கட்டணத்தோடு பல வாரப் பயிற்சியும் வீண்.

எழுத்துத் தேர்வுக்கு மொத்தம் 60 நிமிடம். அதில் முதல் கேள்விக்கு 20 நிமிடம், குறைந்தது 150 சொற்கள். கட்டுரைக்கு 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள். இரண்டுக்கும் நடுவே யாரும் மணி அடிக்க மாட்டார்கள். கட்டுரைக்கு இரண்டு மடங்கு எடை உண்டு என்பதால், சார்ட்டில் 30 நிமிடம் செலவழிப்பது நஷ்டக் கணக்கு.

நான்கு அளவுகோல்களில் சமமாக மதிப்பெண் போடுகிறார்கள்: கேட்டதைச் செய்தீர்களா, எழுத்து கோவையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். இலக்கணம் நான்கில் ஒன்றுதான். ஆனால் எண்ணைத் தவறான முன்னிடைச்சொல்லோடு ('டு', 'பை' போன்ற குட்டிச் சொல்) எழுதினால் தகவலே தவறாகிவிடும். அப்போது முதல் அளவுகோலிலும் அடி விழும்.

2. எழுதுமுன் 3 அல்லது 4 நிமிடம் சார்ட்டைப் பாருங்கள்

பார்க்க வேண்டியவை இந்த வரிசையில்: எதை அளந்திருக்கிறார்கள், என்ன அலகு, எந்த ஆண்டுகள், எது பெரிது, எது மாறியது, எது மாறவில்லை.

அலகில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அச்சின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'ஆயிரத்தில்' என்று போட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் 60,000 பேரை வெறும் 60 பேர் என்று எழுதிவிடுவார்கள். லட்சம், கோடியில் எண்ணிப் பழகியவர்களுக்கு இன்னொரு தொல்லை: 10 லட்சம் ஒரு மில்லியன், 1 கோடி பத்து மில்லியன். காற்புள்ளியையும் மூன்று மூன்று இலக்கமாக வைக்க வேண்டும். 15,00,000 அல்ல, 1,500,000. எண்ணுக்குப் பின்னால் வரும் மில்லியன் பன்மை ஆகாது: 'ஃபைவ் மில்லியன்' சரி, 'ஃபைவ் மில்லியன்ஸ்' தவறு.

பயிற்சிக்காக உருவாக்கிய ஒரு லைன் கிராஃபை எடுத்துக்கொள்வோம். ஒரு நகரத்தில் தினமும் மூன்று வழிகளில் பயணம் செய்தவர்கள், ஆயிரத்தில். ஆண்டுகள் 2000, 2005, 2010, 2015, 2020.

பஸ்: 60, 62, 50, 42, 40
ரயில்: 20, 25, 38, 45, 55
சைக்கிள்: 8, 9, 8, 10, 9

மொத்தம் பதினைந்து எண்கள். பதினைந்தையும் எழுதக் கூடாது. பஸ் இறங்கியது, ரயில் ஏறியது, 2010-க்கும் 2015-க்கும் இடையில் ரயில் பஸ்ஸை முந்தியது, சைக்கிள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. கதை இவ்வளவுதான். ஏழெட்டு எண்களில் இதைச் சொல்லிவிடலாம்.

3. முதல் பத்தி: கேள்வியை உங்கள் வாக்கியத்தில்

கேள்வியில் உள்ள வரியை அப்படியே எடுத்து எழுதினால் அந்தச் சொற்களுக்கு மதிப்பு கிடையாது. மாற்றுவதற்கு எளிய வழி, 'தி நம்பர் ஆஃப் பீப்பிள் ஹூ யூஸ்ட்' என்று இருப்பதை 'ஹவ் மெனி பீப்பிள் யூஸ்ட்' என்று ஆக்குவது. இது கேள்வி வாக்கியம் இல்லை என்பதால் நடுவில் 'டிட்' வரக் கூடாது.

'தி லைன் கிராஃப் கம்பேர்ஸ் ஹவ் மெனி பீப்பிள் ட்ராவல்ட் பை பஸ், ட்ரெயின் அண்ட் பைசிக்கிள் இன் எ சிட்டி பிட்வீன் 2000 அண்ட் 2020.' முதல் பத்திக்கு இது போதும்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன. 'பிட்வீன்' வந்தால் 'அண்ட்' வர வேண்டும். 'ஃப்ரம்' வந்தால் 'டு'. 'பிட்வீன் 2000 டு 2020' தவறு, 'சின்ஸ் 2000 டு 2020' அதைவிடத் தவறு. கேள்வியில் இருக்கும் 'பிலோ' என்ற சொல்லை உங்கள் விடையிலும் விட்டுவைக்காதீர்கள். உங்கள் பத்திக்குக் கீழே படம் எதுவும் இல்லை. சொல்லை மாற்றும் ஆசையில் 'நம்பர்' என்பதை 'பெர்சென்டேஜ்' என்று ஆக்கிவிடாதீர்கள். அது ஒரே பொருள் தரும் மாற்றுச்சொல் இல்லை, அளப்பதே வேறு.

4. ஓவர்வியூ: இதை விட்டால் எதை எழுதியும் பயனில்லை

ஓவர்வியூ என்பது சார்ட்டின் பெரிய போக்கை இரண்டு வாக்கியத்தில் சொல்வது. வெளியிடப்பட்டுள்ள மதிப்பீட்டு விதிகளின்படி, முதல் அளவுகோலில் 9-க்கு 7 பேண்ட் (ஐஇஎல்டிஎஸ்ஸில் மதிப்பெண்ணை இப்படித்தான் சொல்வார்கள்) எடுக்கத் தெளிவான ஓவர்வியூ வேண்டும். ஓவர்வியூ தெளிவாக இல்லாமல் விவரங்களை மட்டும் வரிசையாக அடுக்கும் விடை, அந்த அளவுகோலில் 5-க்குரியது. இலக்கணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த ஓட்டையை அடைக்காது.

எங்கே வைத்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனாலும் இரண்டாம் பத்தியில் வைத்துவிடுங்கள். கடைசியில் எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் நேரம் போதாமல் அதுதான் விடுபடும்.

'ஓவரால், பஸ் யூஸ் டிக்ளைன்ட் வைல் ட்ரெயின் யூஸ் க்ரூ ஸ்டெடிலி, அண்ட் தி ட்ரெயின் பிகேம் தி மோஸ்ட் பாப்புலர் ஆப்ஷன். சைக்ளிங் சேஞ்ச்ட் லிட்டில் அண்ட் ரிமெய்ன்ட் தி லீஸ்ட் காமன்.'

எண் ஒன்றுகூட இல்லை, பார்த்தீர்களா. ஓவர்வியூவில் எண் வேண்டாம். காரணமும் வேண்டாம்: ரயில் ஏன் கூடியது என்று சார்ட் சொல்லவில்லை, அதனால் நீங்களும் சொல்லக் கூடாது. பெட்ரோல் விலை, பொருளாதாரம் என்று ஊகித்து எழுதும் வரிகள் வெறும் சுமை. முடிவுரையும் தேவையில்லை.

5. எண்ணுக்கு முன் வரும் குட்டிச் சொற்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் மனப்பாடம் செய்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

'ரோஸ் டு 25,000' என்றால் 25,000-ஐ எட்டியது. 'ரோஸ் பை 5,000' என்றால் இருந்ததற்கு மேல் 5,000 கூடியது. ரயில் பயணிகள் 2000-இலிருந்து 2005-க்குள் 20,000-இலிருந்து 25,000 ஆனார்கள். இதை 'ரோஸ் டு 5,000' என்று எழுதினால், 20,000-இலிருந்து 5,000-க்கு 'உயர்ந்தார்கள்' என்று ஆகிவிடும். தமிழில் '5,000 கூடியது' என்று வேற்றுமை உருபே இல்லாமல் சொல்லிவிடுகிறோம். அதனால்தான் ஆங்கிலத்தில் எழுதும்போது 'பை' நழுவுகிறது.

அதையே பெயர்ச்சொல்லாக எழுதினால் குட்டிச் சொல்லும் மாறும். 'தேர் வாஸ் அன் இன்க்ரீஸ் ஆஃப் 5,000 இன் தி நம்பர் ஆஃப் ட்ரெயின் பாசஞ்சர்ஸ்.' அளவுக்கு முன் 'ஆஃப்', எதில் மாற்றமோ அதற்கு முன் 'இன்'. 'இன்க்ரீஸ் ஆஃப் ட்ரெயின் பாசஞ்சர்ஸ்' என்று எழுதுவதுதான் அடிக்கடி பார்க்கும் பிழை.

மாறாமல் நிற்கும் நிலைக்கு 'அட்': 'ஸ்டுட் அட் 60,000', 'ரிமெய்ன்ட் அட்', 'லெவல்ட் ஆஃப் அட்', 'பீக்ட் அட் 62,000 இன் 2005'. அதே உச்சத்தைப் பெயர்ச்சொல்லாக்கினால் 'ரீச்ட் எ பீக் ஆஃப் 62,000'. 'ரீச்ட்' என்பதற்குப் பின்னால் 'டு' கிடையாது. 'ரீச்ட் டு 62,000' என்று எழுதுவது பழக்கமாகிவிட்டால் விடுவது கஷ்டம், இப்போதே விட்டுவிடுங்கள். ஏறி இறங்கியதற்கு 'ஃப்ளக்சுவேட்டட் பிட்வீன் 8,000 அண்ட் 10,000'.

6. வினைச்சொற்கள்: பத்து போதும்

ரைஸ், ரோஸ், ரிஸன். ஃபால், ஃபெல், ஃபாலன். க்ரோ, க்ரூ, க்ரோன். இந்த மூன்றின் வடிவங்கள் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். இன்க்ரீஸ், டிக்ரீஸ், டிக்ளைன், க்ளைம்ப், ட்ராப், டபிள், ரிமெய்ன் ஆகியவை ஒழுங்காக மாறும் வினைகள். 'ரெய்ஸ்' என்பது வேறு சொல். ஒருவர் ஒன்றை உயர்த்துவது. எண்ணிக்கை தானாக 'ரெய்ஸ்' ஆகாது.

'ஸ்கைராக்கெட்டட்', 'ப்ளம்மெட்டட்' போன்ற ஆடம்பரச் சொற்களை மனப்பாடம் செய்து வருபவர்கள், 20-இலிருந்து 25 ஆன இடத்திலும் அவற்றைப் பயன்படுத்திவிடுகிறார்கள். சொல்லின் வேகம் கோட்டின் சரிவோடு ஒத்துப்போக வேண்டும். சிறு மாற்றத்துக்கு 'ஸ்லைட்லி', நீண்டு சீராகப் போவதற்கு 'ஸ்டெடிலி' அல்லது 'கிராஜுவலி', செங்குத்தானதற்கு 'ஷார்ப்லி'. இந்த நான்கிலேயே காலம் தள்ளலாம்.

எழுவாயைக் கவனியுங்கள். பஸ் குறையவில்லை, பஸ் பயணிகளின் எண்ணிக்கைதான் குறைந்தது. 'பஸ் ஃபெல்' என்று எழுதினால் வண்டி கவிழ்ந்ததாகப் பொருள். 'தி நம்பர் ஆஃப் பஸ் பாசஞ்சர்ஸ் ஃபெல்' அல்லது 'தி ஃபிகர் ஃபார் பஸ்ஸஸ் ஃபெல்' என்று எழுதுங்கள். 'தி நம்பர் ஆஃப்' வந்தால் ஒருமை வினை ('வாஸ்'), 'எ நம்பர் ஆஃப்' வந்தால் பன்மை வினை ('வேர்'). எண்ணக்கூடியவற்றுக்கு 'நம்பர்', தண்ணீர், மின்சாரம் போன்ற எண்ண முடியாதவற்றுக்கு 'அமவுண்ட்'. 'நம்பர்' என்பதற்கு முன்னால் 'தி' போட மறப்பது தமிழில் எழுதிப் பழகிய கைக்கு இயல்பு. சரிபார்க்கும்போது இதற்கென்றே தனியாக ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள்.

7. காலம்

கடந்த ஆண்டுகள் என்றால் இறந்தகாலம், ஆண்டே குறிப்பிடவில்லை என்றால் நிகழ்காலம். வரப்போகும் ஆண்டுகள் இருந்தால் 'இஸ் ப்ரொஜெக்டட் டு ரைஸ்', 'இஸ் எக்ஸ்பெக்டட் டு ஃபால்'. எதிர்காலக் கணிப்பை 'ரோஸ்' என்று எழுதுவது பெரிய பிழையாகத் தெரியும். 2000 முதல் 2040 வரை போகும் சார்ட்டுகள் இதைச் சோதிக்கத்தான் வருகின்றன.

'ஹேஸ் ரிஸன்' வகை இந்தக் கேள்வியில் பெரும்பாலும் தேவைப்படாது. முடிந்துபோன ஆண்டைச் சொன்ன பிறகு அது வரவே கூடாது: 'இன் 2005, தி ஃபிகர் ஹேஸ் ரிஸன்' தவறு. 'பை 2015' என்று தொடங்கினால் 'ஹேட் ஓவர்டேக்கன்' பொருத்தமாக உட்காரும்: 'பை 2015, தி ட்ரெயின் ஹேட் ஓவர்டேக்கன் தி பஸ்.' இப்படி ஒரே ஒரு வாக்கியம் சரியாக விழுந்தாலே இலக்கண வகைமை தெரியும். திணிக்க வேண்டாம்.

8. ஒப்பீடும் சதவீதமும்

2000-இல் பஸ் 60,000, ரயில் 20,000. 'த்ரீ டைம்ஸ் அஸ் மெனி பீப்பிள் ட்ராவல்ட் பை பஸ் அஸ் பை ட்ரெயின்.' 'த்ரீ டைம்ஸ் மோர்' என்பதைச் சிலர் நான்கு மடங்காகப் படிப்பார்கள். 'அஸ் மெனி அஸ்' என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. இரண்டு மடங்கானதற்கு 'டபிள்ட்'. 'இன்க்ரீஸ்ட் டூ டைம்ஸ்' என்றால் இரண்டு தடவை கூடியது என்று பொருள் போகும். ரயில் 20,000-இலிருந்து 55,000 ஆனது 2.75 மடங்கு, 'நியர்லி ட்ரிபிள்ட்' என்று எழுதலாம். 'நியர்லி அபவுட்' என்று இரண்டையும் சேர்க்காதீர்கள். 'மோர் ஹையர்' என்பதும் அதே வகைப் பிழைதான்.

சதவீதத்தில் ஒரு நுட்பம் உண்டு. 20 சதவீதம் 30 சதவீதம் ஆனால் கூடியது 10 'பெர்சென்டேஜ் பாயிண்ட்ஸ்'. '10 பெர்சென்ட் கூடியது' என்று எழுதினால் தவறு, ஏனெனில் 20-க்கு மேல் 10 கூடுவது 50 சதவீத வளர்ச்சி. குழப்பமாக இருந்தால் 'ரோஸ் ஃப்ரம் 20 டு 30 பெர்சென்ட்' என்று எழுதி நழுவிவிடுங்கள், அதில் எந்தத் தவறும் இல்லை. எண் வந்தால் 'பெர்சென்ட்', எண் இல்லாவிட்டால் 'தி பெர்சென்டேஜ் ஆஃப்'. பை சார்ட்டில் 40 சதவீதத் துண்டைத் 'தி மெஜாரிட்டி' என்று அழைக்காதீர்கள். பாதிக்கு மேல் இருந்தால்தான் மெஜாரிட்டி. இல்லாவிட்டால் 'தி லார்ஜஸ்ட் ப்ரொபோர்ஷன்'.

9. உடல் பத்திகள் இரண்டு

கோடு வாரியாகப் பிரிக்கலாம்: ஒரு பத்தியில் பஸ்ஸும் ரயிலும், இன்னொன்றில் சைக்கிள். ஆனால் நம் உதாரணத்தில் சைக்கிளுக்குச் சொல்ல ஒன்றரை வரிதான் இருக்கிறது. அதனால் காலத்தைப் பிரிப்பது நல்லது: 2000 முதல் 2010 வரை ஒரு பத்தி, பிறகு வந்த பத்து ஆண்டுகள் இன்னொரு பத்தி. எப்படிப் பிரித்தாலும் பத்திகள் நீளத்தில் ரொம்ப ஏறுமாறாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புல்லட் புள்ளி போட்டு எழுதுவது கூடாது, முழு வாக்கியமாகவே எழுத வேண்டும்.

150-க்குக் கீழே போகாதீர்கள். 170 முதல் 190 வரை இருந்தால் வசதி. 220-ஐத் தாண்டினால் தேவையில்லாத எண்களை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கணினியில் எழுதினால் சொல் எண்ணிக்கை திரையிலேயே தெரியும், ஆனால் எழுத்துப் பிழையைக் காட்டாது. தாளில் எழுதுபவர்கள் தங்கள் கையெழுத்தில் 150 சொற்கள் எத்தனை வரி வருகிறது என்று முன்பே எண்ணி வைத்துக்கொள்வது நல்லது.

படிநிலைகளைக் காட்டும் ப்ராசஸ் படமும், ஊரின் பழைய புதிய தோற்றத்தைக் காட்டும் மேப்பும் சில சமயம் வரும். அவற்றில் செயப்பாட்டு வினைதான் ஆட்சி செய்யும்: 'இஸ் ஹீட்டட்', 'வாஸ் ரிப்ளேஸ்ட் பை', 'வாஸ் கன்வெர்ட்டட் இன்டு'. போக்குச் சொற்களுக்கு அங்கே பெரிதாக வேலையில்லை.

10. நான்கு வாரப் பயிற்சி, தினம் 30 நிமிடம்

முதல் வாரம் முழு விடை எழுதவே வேண்டாம். ஒரே சார்ட்டை எடுத்து, ஒரே மாற்றத்தை வினையாகவும் பெயராகவும் மாற்றி மாற்றிப் பத்து வாக்கியம் எழுதுங்கள். இரண்டாம் வாரம் ஓவர்வியூ மட்டும். தினம் மூன்று சார்ட், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம். மூன்றாம் வாரம் கடிகாரம் பார்க்காமல் முழு விடை. நான்காம் வாரம் 20 நிமிடம் வைத்து எழுதுங்கள்: பார்க்க 4, எழுத 13, சரிபார்க்க 3.

சார்ட்டுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. தேர்வு நடத்துபவர்களின் தளத்திலேயே இலவச மாதிரிக் கேள்விகள் உண்டு. உலக வங்கியின் தரவுத் தளத்தில் நாடுகளைத் தேர்ந்தெடுத்து நீங்களே லைன் கிராஃப் உருவாக்கலாம். மூன்று நாடுகளுக்கு மேல் போட வேண்டாம், பயிற்சிக்கு அது போதும்.

திருத்துவதற்கு இலக்கணம் பார்க்கும் மென்பொருளை மட்டும் நம்பாதீர்கள். 'ரோஸ் டு 5,000' என்பது இலக்கணப்படி சரியான வாக்கியம்; தகவல்தான் தவறு. சார்ட்டைப் பார்க்காத மென்பொருளுக்கு அது தெரியாது. வேறு ஒரு வழி இருக்கிறது: எழுதிய மறுநாள் சார்ட்டை மூடி வைத்துவிட்டு, உங்கள் விடையை மட்டும் பார்த்துக் கோடுகளைத் திரும்ப வரையுங்கள். வரைய முடியாமல் நிற்கும் இடத்தில் ஆண்டோ எண்ணோ விடுபட்டிருக்கும். வரைந்த கோடு அசலோடு ஒத்துப்போகவில்லை என்றால் 'டு', 'பை' மாறியிருக்கும்.

11. பதிவு, ஆவணம், கட்டணம்

கட்டணம் நாட்டுக்கு நாடு வேறுபடும். பதிவுத் தளத்தில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்தால் காட்டும். பாஸ்போர்ட் எண் கொடுத்துப் பதிவு செய்தால் அதே பாஸ்போர்ட்டைத் தேர்வு நாளில் அசலாகக் கொண்டுபோக வேண்டும். நகலோ கைபேசியில் படமோ செல்லாது. இடையில் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தால் முதலில் அதை முடித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

முடிவு கணினித் தேர்வுக்குச் சில நாட்களில் வந்துவிடும், தாளில் எழுதினால் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். மதிப்பெண் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குத்தான் ஏற்கப்படும் என்பதால், சேர்க்கைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் தேர்வுத் தேதியைப் பிடியுங்கள். மறுமுயற்சிக்கும் சேர்த்து இரண்டு மூன்று மாத இடைவெளி இருப்பது நல்லது.

எழுத்துத் தேர்வில் மட்டும் அரை பேண்ட் குறைந்துவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். மதிப்பெண் மாறினால் அதற்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். அல்லது, கணினித் தேர்வு எழுதியவர்கள், அந்த வசதி உள்ள மையங்களில், 60 நாட்களுக்குள் ஒரு பிரிவை மட்டும் ஒருமுறை திரும்ப எழுதலாம். இந்த ஒற்றைப் பிரிவு மறுதேர்வை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை. பணம் கட்டுமுன் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.